அனிச்சத்துக்கு விட்ட பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "கவிதையெல்லாம் விட்டாச்சும்மா. ரிசர்ச் பேப்பர் ரெண்டாவது தடவையும் திரும்பி வந்துடுச்சு, இனி அதை மட்டும்தான் பார்க்கணும்" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

நீ யுகேஜி படித்த வருஷம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளர் அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இதில் நீ பார்த்தது எது?" எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் கபிலரை எடுத்தேன். குறிஞ்சிப்பாட்டில் 99 பூ வரிசையாக வருமே, ராத்திரிக்கு ஒன்றாக வரைவது என்று ஒரு ரெகார்டு நோட்டை ஒதுக்கினேன்.

முதல் பூ காந்தள். வேலியில் படர்ந்திருந்த கண்வலிக்கிழங்குக் கொடியில் ஒரு துண்டை அறுத்து வந்து டம்ளரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வருஷமாகக் கரும்பலகையில் போட்ட பூதான். ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், முடிந்தது. பென்சிலைப் பிடித்த பிறகுதான் கண்ணில் படுகிறது, சூல்தண்டு நேராக இல்லை. சூலகத்தை விட்டுக் கிளம்பியதுமே செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி நீள்கிறது. நான் அத்தனை வருஷமும் நேர்க்கோடாகவே போட்டிருக்கிறேன். (என்னைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் அப்படியே வரைந்தார்களோ!) சிவப்பு மை அப்போதுதான் உறைத்தது. என் இயலிலும் பாதி, புத்தகத்துப் படத்தைப் பார்த்து எழுதியதுதான்.

மொழியியல் அறிஞரும் கவிஞருமான ஏ.கே. ராமானுஜன் 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் பழந்தமிழ் இலக்கணம் தேடித்தான் போனார். கையில் அகப்பட்டது உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. அதற்காக மொழியியலை விட்டுவிடவில்லை மனுஷர், குறுந்தொகையையும் விடவில்லை.

உன்னைக் கவிதை எழுதி யாருக்கும் காட்டச் சொல்லவில்லை. பயோடேட்டாவிலும் ஏற்றிவிடாதே, தாயே! பேப்பரில் நீ சொல்ல வந்ததை, துறைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் நாலு வரியில் எழுதிப் பார். பேனா எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும்.

நோட்டு பீரோவில், உன் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. 99-ஐயும் வரைந்து தள்ளிவிட்டேன் என்று நினைக்காதே. காந்தள், ஆம்பல் முடிந்து மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டேன். அனிச்சம். அது எந்தச் செடி என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டுக் குவளைக்குப் போனேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் பார்.

அம்மா