மாட்டை இப்போதைக்கு விற்காதே, சரசு

திருப்பூர்,
9.11.2025

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் பேசினால் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும் என்று இத்தனையையும் எழுதி அனுப்பியிருக்கிறாய். "இடுப்பு வலிக்கு எடுத்த ஸ்கேன்ல ஜவ்வு பிதுங்கியிருக்குதாம், இனிமேல் குனியவே கூடாதாம், ரெண்டு மாட்டையும் வித்துப்போட்டுப் படுத்துக்கலாம்னு இருக்கேன்" என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். பதினைந்து வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால் பீச்சி சொசைட்டிக்கு ஊற்றுகிறவள் நீ. மாட்டை விற்றுவிட்டு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்து என்ன செய்வாய் புள்ள?

இதே வார்த்தை எழுதிய ரிப்போர்ட் என்னிடமும் ஒன்று இருக்கிறது, 2019இல் எடுத்தது. நாலாவது இடுப்பெலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு பிதுக்கம். அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பவர் டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். சாய்மானமில்லாத ஸ்டூல், பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட், காலை எட்டரையில் இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும். ஒரு நாள் தைக்கிற பீஸ் துணிக் கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

அப்புறம் நான் செய்ததையெல்லாம் கேள். ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள், படுத்தேன். பெல்ட் வாங்கினேன். பத்து நாள் எடை கட்டி இழுத்தார்கள். மெடிக்கலில் மூன்று மாத்திரை சேர்த்து ஒரு செட் என்று கொடுப்பார்களே, அதை மாசக்கணக்கில் விழுங்கினேன். வயிறு எரிந்து ரத்தம் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த செட்டை மட்டும் நீ தொடவே தொடாதே. உள்ளே என்ன மாத்திரை இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நாள்தோறும் போட்டால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகமும் கெடும்.

இதில் ஒவ்வொன்றும் நாலு நாள் கேட்டது. பயம் மட்டும் குறையவில்லை. பெல்ட் இல்லாமல் வாசல் கூட்டப் பயந்தேன், பேரனைத் தூக்கப் பயந்தேன். எலும்புக்கு நடுவில் ஏதோ உடைந்துகிடக்கிறது, அசைந்தால் இன்னும் விலகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவள் கோவையில் பிசியோதெரபி படித்த என் அக்கா மகள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, வலியே இல்லாத ஐம்பது வயசுக்காரங்க நூறு பேரை ஸ்கேன் எடுத்தா, அறுபது பேருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கும்" என்றாள். 2015இல் வலியில்லாத 3,000 பேருக்குமேல் எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு இருந்ததாம், எண்பது வயதில் 84 பேருக்கு. தலைமுடி நரைக்கிற மாதிரி ஜவ்வும் வயதாகிறது. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதும் வலிக்கிற காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியென்றால் இந்த வலி பொய்யா என்று கோபமாகக் கேட்டேன். இல்லை என்றாள். நம் தோட்டத்து வீட்டுச் சாளையில் நாய் வளர்ப்போமே, திருடன் வந்தால் குரைக்கிறது. ரெண்டு மூன்று தடவை திருடன் வந்துபோன தோட்டமானால், அப்புறம் தென்னம்மட்டை விழுந்தாலும் விடியவிடியக் குரைக்கும். மூன்று மாதத்துக்குமேல் நீடிக்கிற வலியில் பல பேருக்கு நரம்பு அப்படித்தான் ஆகிவிடுகிறதாம். நாய் குரைப்பது நிஜம், திருடன்தான் இல்லை. அதைத் தடவிக்கொடுத்துப் பழக்க வேண்டும்.

அவள் என்னை ஒரு நோட்டு போடச் சொன்னாள். வலி எவ்வளவு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், அன்றைக்கு மனசில் என்ன. ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். ஆர்டர் அதிகமான நாள்தான் வலி அதிகம் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. தூங்காத ராத்திரிக்கு மறுநாள்தான் அதிகம். சரசு, என் வீட்டுக்காரர் போய் ஆறு மாதத்தில்தான் இந்த வலி வந்தது. எந்த டாக்டரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

நீயும் கடிதத்தின் கடைசியில் பாகப்பிரிவினை பற்றி ரெண்டே வரி எழுதி நிறுத்திவிட்டாய். உன் தம்பி பேசுவதை விட்டு எத்தனை மாதம் ஆகிறது? வலி எப்போது ஆரம்பித்தது? எனக்குப் பதில் எழுத வேண்டாம், நீயே எண்ணிப் பார்.

உடம்புக்கு நான் செய்கிறது கொஞ்சம்தான். காலையில் மல்லாந்து படுத்து, முட்டியை மடித்து, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குகிறேன், பத்து தடவை. அப்புறம் மாடு மாதிரி நாலு காலில் நின்று முதுகை மேலே வளைத்து, கீழே தழைத்து, அது ஒரு பத்து. வேலையில் முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன். முதலில் சூப்பர்வைசர் முகம் சுளித்தார், நாள் முடிவில் பீஸ் குறையவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். சாயங்காலம் நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து ஆறின 701 பேரை வைத்துப் பார்த்து 2024இல் முடிவு சொன்னார்கள். நடைப் பழக்கம் கற்றுக்கொண்டவர்களுக்கு வலி திரும்ப வர நடுவாந்திரமாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. நடப்பதற்குக் காசில்லை. உனக்குத் தடப்பள்ளி வாய்க்கால் கரை இருக்கிறது, நாம் பள்ளிக்கூடம் போன அதே கரை.

போன வருஷம் இங்கே கோவில் மைதானத்தில் வள்ளி கும்மி பழக்கினார்கள். பயந்துகொண்டே போனேன், முதல் வாரம் பத்து நிமிஷம், அப்புறம் இருபது. குனிந்து, நிமிர்ந்து, கை தட்டி, பக்கவாட்டில் அடி வைத்து அறுபது எழுபது பெண்கள் ஒன்றாகச் சுற்றும்போது இடுப்பு ஞாபகமே வரவில்லை. அரங்கேற்றத்தன்று ரெண்டு மணி நேரம் ஆடினேன். மறுநாள் கால் வலித்தது, இடுப்பு வலிக்கவில்லை.

அம்மா செய்த கைவைத்தியத்தையும் நான் விடவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், ஆமணக்கு இலையில் எண்ணெய் தடவி அனலில் வாட்டி இடுப்பில் போடுவது, நொச்சித் தழை போட்ட வெந்நீர். இறுகின சதை இளகுகிறது, தூக்கம் வருகிறது. அது ஜவ்வை உள்ளே தள்ளிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. மரத்துப்போன இடத்தில் சூடு வைக்காதே, பொத்துப்போனாலும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே வழிகாட்டி ஒன்று வெளியிட்டதாம், அக்கா மகள் படித்துச் சொன்னாள். 2020இல் மட்டும் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. உடற்பயிற்சி, வலியைப் பற்றி விளக்கிச் சொல்வது, மனசுக்கான பேச்சு வைத்தியம், மசாஜ் எல்லாம் அதில் இருக்கிறது. பெல்ட்டையும் எடை கட்டி இழுப்பதையும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். நான் அதற்கே எவ்வளவு செலவழித்தேன்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படி. கால் பலமிழந்து செருப்பு நழுவினாலோ, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவது கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே, உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த வலி என்றாலும் டாக்டரைப் பார்த்துவிடு. நீ எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மாடு ரெண்டு அதிகம் என்றால் சினை பிடிக்காமல் நிற்கிறதே, அதைக் கொடு. கறவையை வைத்துக்கொள். குத்துக்காலிட்டு உட்காராமல் சின்ன முக்காலி போட்டுப் பீச்சு. மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டுக் கட்டை ஒரே சுமையாகத் தூக்காமல் ரெண்டு நடையாகக் கொண்டுவா, உடம்போடு ஒட்டிப் பிடி.

மார்கழியில் பாரியூர் அம்மன் கோவில் குண்டம் திருவிழாவுக்கு வருகிறேன், லீவு சொல்லிவிட்டேன். நாலு நாள் உன் வீட்டில்தான். விடிகாலையில் நான் பால் பீச்சுகிறேன், நீ பக்கத்தில் உட்கார். அப்புறம் ரெண்டு பேரும் வாய்க்கால் கரையில் கொடிவேரி அணைப் பக்கமாக நடக்கலாம், உன்னால் முடிகிற தூரம். தம்பி விஷயத்தை அப்போது நீ சொல்லு, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
மணி