குண்டன் நிரபராதி

கும்பகோணம்
மழை விட்ட ஞாயிறு

டேய் ரேடியோ,

ஒரு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, போனும் எடுக்கவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் திட்டு, முதலில் கதையைக் கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். சின்னவள் பத்தாவது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

போன மாதம் என் மின்சார ஸ்கூட்டர் மகாமகக் குளத்து மேல்கரையில் படுத்துவிட்டது. நம்பர் பிளேட் இல்லாத பொம்மை வண்டி என்று கேலி செய்வாயே, அதேதான். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், லைசென்ஸ் வேண்டாம். முதல் நாள் அடைமழையில் தெருத் தண்ணீருக்குள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காய்ந்த ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கி ஆக்சிலரேட்டரைத் திருகினேன். சீட்டுக்கு அடியில் 'டப்'. அவ்வளவுதான். சரி, தள்ளிக்கொண்டாவது போகலாம் என்றால் அதற்கும் விடவில்லை. சாவியை எடுத்த பிறகும் யாரோ பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி பின்சக்கரம் இழுக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர்டா! எதிரே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார்ஜ் தீர்ந்துடுச்சா சார்?"

ஒரு கடையில் காட்டினேன். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு, பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மோட்டாருக்குக் கரன்டை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடி ஒயர்களையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினால் தேர் வடம் அறுந்த மாதிரி ஓடுகிறது. மோட்டார் உள்ளுக்குள் எரிந்து ஒட்டியிருந்தால் இப்படி ஓடுமா? கன்ட்ரோலருக்குள்தான் கரன்டைத் திறந்து மூடுகிற மாஸ்ஃபெட்டுகளில் ஏதோ ஒன்று ஷார்ட். சக்கரத்தைத் தள்ளும்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. அதன் கரன்ட் அந்த ஷார்ட் வழியே திரும்பி வந்து சக்கரத்தையே பிடிக்கிறது.

அளந்து பார்த்துவிடலாம் என்று டிஜிட்டல் மீட்டரை எடுத்தால் அது உயிரோடு இல்லை. பரணில் ஏறி பாலிடெக்னிக் காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன். டிராயிங் ஷீட்டுகளுக்கு அடியில் ஒரு கறுப்பு பேக்கலைட் டப்பா, பழைய முள் மீட்டர். கண்ணாடி மூலையில் கீறல். முதுகில் சிவப்புப் பெயின்டில் உன் அப்பாவின் கையெழுத்து: 'வெளியே கொடுக்கக்கூடாது.'

ஆமாம்டா. அதேதான். நம் குண்டன் எடுக்கவில்லை.

மூன்றாம் வருஷப் பிராஜெக்டுக்கு உன் அப்பாவிடம் கேட்காமல் நான்தான் உங்கள் கடையிலிருந்து தூக்கிவந்தேன். இரண்டு நாளில் வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீங்கள் எல்லோரும் குண்டன்தான் திருடினான் என்று பிடித்துக்கொண்டீர்கள், அவனும் சிரித்துக்கொண்டே நின்றான். பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. போன வருஷம் உன் அப்பா காலமானபோது நான் வராததற்குக் காரணம் என்று எதையாவது சொன்னால் பொய்யாகிவிடும். பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் குண்டன்தான் நின்று எல்லாம் பார்க்கிறான் என்று தெரியும்.

சரி. பென்சில் செல் இரண்டு மாற்றினேன், முள் ஏறியது. கன்ட்ரோலரின் பேட்டரி மைனஸுக்கும் அந்தத் தடி ஒயர்களில் பச்சைக்கும் இடையில் வைத்தால் ஒழுங்காக நின்றது, நீலத்திலும் அப்படியே. மஞ்சளில் வைத்ததும் முள் அந்தக் கோடிக்குப் போய் 'டக்' என்று மோதியது, ஷார்ட் அங்கேதான். திறந்து பார்த்தேன். அலுமினியச் சுவரில் வரிசையாகத் திருகியிருந்த ஆறு மாஸ்ஃபெட்டில் ஒன்று முகம் பிளந்து கிடந்தது. பக்கத்துப் பின்னில் பச்சையாகக் களிம்பு. அந்த மழைத் தண்ணீர் ஒரு ராத்திரி உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

புதுக் கன்ட்ரோலர் இரண்டாயிரத்து நானூறு. படம் கிடையாது, காகிதம் கிடையாது, கனெக்டர் எதுவும் பழையதோடு சேராது. கலரைப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். வண்டிப் பக்கம் மெல்லிய சிவப்பு ஒயர் இரண்டு. ஒன்று சாவியிலிருந்து பேட்டரியின் முழு வோல்ட்டோடு வருவது, இன்னொன்று ஆக்சிலரேட்டருக்குப் போகிற ஐந்து வோல்ட். எது எது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஈயம் உருகித் தயாராக இருக்கிறது. உன் அப்பா நம் கையைத் தட்டிவிடுவாரே, "கலர் கம்பெனிக்காரன் அடிச்சதுடா, வோல்ட்டு அவன் அடிச்சதில்ல" என்று, அது காதில் விழுந்தது. அயர்னைக் கீழே வைத்து, சாவியைப் போட்டு, மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட் ஒயர் என்று நான் பிடித்திருந்ததில் முள் அறுபதைத் தாண்டி நின்றது. அப்படியே பற்ற வைத்திருந்தால் புதுக் கன்ட்ரோலர், ஆக்சிலரேட்டர், சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று காந்தத்தை வைத்துச் சொல்கிற, மோட்டாருக்குள் இருக்கிற மூன்று ஹால் சென்சார் எல்லாம் ஒரே நொடியில் போயிருக்கும். கடைக்காரன் சொன்ன பன்னிரண்டாயிரத்தை நானே மெய்யாக்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஒயரையும் அளக்காமல் தொடவில்லை. பேட்டரியை நேரே கொடுக்கவும் பயம். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்தால் முதல் தொடுதலில் பொறி பறக்கும், பல்பு வழியாகக் கொடுத்தால் மெதுவாக நிரம்பும். உங்கள் கடையில் ஒரு சீரியஸ் பல்பு போர்டு தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, பேட்டரியைத் துண்டிக்கிற சீட்டுக்கடி பிரேக்கர் ஆஃபில் இருக்கும்போதே அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். எரியவில்லை. பிரேக்கரைத் தூக்கினேன், சத்தமே இல்லை.

ஹால் ஒயர்களைத்தான் நீ பார்த்திருக்கவேண்டும். கனெக்டரின் முதுகில் முனையைச் செருகிக்கொண்டு சக்கரத்தை விரல் நுனியால் தள்ளினேன். முள் ஐந்துக்கு ஏறி நின்றது. இன்னும் இம்மி தள்ளினால் பொத்தென்று விழுந்தது, மறுபடி ஏறியது. டிஜிட்டலில் இந்த அழகு வராது, எண்கள்தான் ஓடும். மூன்று ஒயரிலும் அப்படியே. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மூச்சு விடுதுப்பா" என்றாள்.

மோட்டார் ஒயர் மூன்று, ஹால் ஒயர் மூன்று, மாற்றி மாற்றிப் போட 36 வகை. அதில் ஒழுங்காக ஓடுவது ஆறு, அந்த ஆறிலும் பாதி பின்னால் ஓடும். நம் அரியர்ஸ் கணக்கை விட மோசம். நல்லவேளை, இந்தக் கன்ட்ரோலரில் இரண்டு வெள்ளை ஒயர் உண்டு. நடு ஸ்டாண்டு போட்டு, அவற்றைச் சேர்த்துச் சாவியைப் போட்டால் கன்ட்ரோலரே வரிசையைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டது, சக்கரமும் தானாகச் சுற்றியது. பின்னால்! வீடே சிரித்தது. பிரித்து மறுபடி சேர்த்ததும் முன்னால் திரும்பியது. வெள்ளையைப் பிரித்து டேப் சுற்றி வைத்துவிட்டேன். ஒயர்களைப் பெட்டிக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு வளைத்திருக்கிறேன், இனி தண்ணீர் வழிந்தாலும் அங்கேயே சொட்டிவிடும்.

வண்டி ஓடுகிறது. கிளம்பும்போது மட்டும் முன்பு இல்லாத ஒரு முனகல். கடைவீதி வழியாகப் போனேன், அந்தக் கடைக்காரன் பார்க்கிற மாதிரி.

மீட்டரை இப்போதைக்கு என் மேசைமேல் வைத்திருக்கிறேன். முள் சுழியத்துக்கு ஒரு மயிரிழை இடது பக்கம் நிற்கிறது, சரிசெய்கிற திருகைத் தொடவில்லை. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, வந்து வாங்கிக்கொள். தபாலில் அனுப்பமாட்டேன், முதுகில் எழுதியிருப்பது தெரியும் அல்லவா. குண்டனுக்கு நீ போன் போட்டுச் சொல்லிவிடேன். வேண்டாம், இரு. நானே போகிறேன். அவன் வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர், ஒரு சார்ஜ் தாங்கும்.

உன்
ஃபியூஸ்