முதல் ஈசிஜியை மட்டும் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதய மருத்துவர் என்றாலே ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும்தான் பேச்சில் அடிபடுகின்றன. உங்கள் மருத்துவப் பகுதியிலும் அவையே இடம் பிடிக்கின்றன. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் டி.எம். கார்டியாலஜி 3 ஆண்டு. இப்படிப் பதினொன்றரை ஆண்டு படித்தவரின் அருமை பெரும்பாலும் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே, ஈசிஜி தாளைக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். அது நார்மல் என்றால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இதய ரத்தக் குழாய் அடைப்பின் ஆரம்பத்தில் தாளில் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கலாம். இதயத் தசை பாதிக்கப்படும்போது கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவும் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்கிறார்கள். இதயத்தின் பின்சுவரைப் பாதிக்கும் அடைப்பு என்ற சந்தேகம் வந்தால் லீடுகளை (ஈசிஜி எடுக்க உடலில் ஒட்டும் ஒயர்களை) முதுகுப் பக்கம் ஒட்டிப் பார்க்கிறார்கள். "கேஸ்தான், சோடா குடிங்க" என்று ஒரே ஈசிஜியோடு அனுப்பிவிட்டால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரக்கூடும் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

அடுத்தது, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கவென்று பலர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரை. ஈசிஜி தாளில் 2, 3, ஏவிஎஃப் என்று குறித்த பதிவுகளில் எஸ்டி எனப்படும் கோட்டுப் பகுதி மேலே ஏறியிருந்தால் இதயத்தின் கீழ்ச்சுவரில் பாதிப்பு; வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம். தேர்ந்தவர் உடனே மார்பின் வலப்பக்கத்தில் லீடை வைத்துப் பார்ப்பார். அடிபட்ட வலது அறைக்கு ரத்தம் நிறைய வந்தால்தான் அதால் முன்னே தள்ள முடியும். சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரித்து அந்த வரத்தையே குறைத்துவிடும். பிரஷர் சட்டென்று விழும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி நாக்கடியில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே புரியும்.

2023இல் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் தவணையாக 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. நல்ல திட்டம். ஆனால் இதைப் பார்த்து வீட்டிலேயே விழுங்கக் கூடாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி கிழிந்தாலும் இதே போல நெஞ்சு வலிக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அதற்குக் கேடாகவே முடியும்.

உங்கள் பகுதியில் இரவிலும் கேத் லேப் (ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் கூடம்) இயங்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். உள்ளே நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும். கேத் லேப் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து சென்னை நெரிசலில் இன்னொரு இடத்துக்கு மாறினால் அந்தக் கெடு தாண்டிவிடும். 108ஐ அழையுங்கள்; நோயாளியை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு சாப்பிட வேண்டும். பல் பிடுங்குவதற்காகச் சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வர இது முக்கியக் காரணம். பல் டாக்டரிடம் போகும்போது ஸ்டென்ட் வைத்த தேதி உள்ள டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு கொண்டு போங்கள்.

இதய சிகிச்சைப் பிரிவு செவிலியர்,
பெரம்பூர், சென்னை