முதியோர் இல்லத்துக்கும் பி.ஜி. டாக்டர்களை அனுப்புங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும்,

வணக்கம். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பொது மருத்துவத்தில் மேற்படிப்பு (பி.ஜி.) படிக்கும் டாக்டர்களின் பயிற்சியில் முதியோர் இல்லத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முகாம் போட்டு பி.பி., சுகர் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதைச் சொல்லவில்லை. அதே டாக்டர் அதே பத்துப் பன்னிரண்டு பெரியவர்களை வாராவாரம், மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

வார்டில் ஒரு பாட்டியை மூன்று நாள் பார்த்து அனுப்புகிறவருக்குப் புலப்படாத விஷயங்கள் இங்கே தெரியும். எங்களிடம் வருகிற பலர் ஒரு மஞ்சள் பை நிறைய மாத்திரையோடுதான் வருகிறார்கள். இதய டாக்டர் எழுதியது, மூட்டுவலிக்கு எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாம் கலந்து கிடக்கும்; கொட்டிப் பிரித்தால் பி.பி.யைக் குறைக்கிற அம்லோடிபின் மட்டும் இரண்டு கம்பெனி பெயரில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடும். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்த்திருந்தால், எழுந்ததும் பி.பி. இறங்குவதை முன்னாடியே பிடித்திருக்கலாம். நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட தாத்தா இன்று ஆள் தெரியாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். ஜுரமே இல்லாத சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சளிக்குக் கொடுத்த மாத்திரையாக இருக்கலாம், நாலு நாளாக மலம் போகாததாகக்கூட இருக்கலாம். நேற்று எப்படி இருந்தார் என்று ஆயாவிடம் கேட்கிற பழக்கம் டாக்டருக்கு இருந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதில் நாட்டுக்கே வழிகாட்டியது சென்னைதான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தொட்டவர்கள். அந்த எம்.டி. படித்து வருகிற கொஞ்சம் பேர் மட்டும் எத்தனை பேரைப் பார்ப்பார்கள்?

பி.ஜி. படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அதிலேயே வாரம் ஒரு நாளைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை பேராசிரியரும் வரட்டும். எந்த மாத்திரையை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்பது அவர்களின் பயிற்சிக் குறிப்பேடான லாக் புக்கில் ஏறட்டும், தேர்விலும் அதைக் கேளுங்கள். எங்கள் பக்கம் மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, யார் எப்போது விழுந்தார், யாருக்குத் தூக்கமில்லை என்று எழுதிய நோட்டோடு தயாராக வைத்திருக்கிறோம்.