ஒரு சபையில் பெயர் கொடுங்கள்: கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஸ்தோத்திரம்.

பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி, தைப்பிங், சித்தியவான் என்று எங்கெங்கோ பிறந்து வளர்ந்து, வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து, ஐந்தாறு வருடமாகியும் இங்கே எந்தச் சபையிலும் பெயர் கொடுக்காமல் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்களைப் போல வந்தவள்தான். 1988இல் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, ஒரு பெட்டியோடும் ஊர்ப் போதகர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடும் இங்கே வந்து இறங்கினேன். இப்போது நகரத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்குச் செயலாளர். உறுப்பினர் பதிவேடு என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்களில் நிறையப் பேரின் முகம் எனக்குத் தெரியும்; பெயர் தெரியாது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருகிறீர்கள். டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த வசன அட்டை எடுக்க வருகிறீர்கள். அப்புறம் ஒரு வாரம் பூச்சோங்கில் பாட்டு நன்றாக இருக்கும் ஒரு சபை, மறு வாரம் சிநேகிதியோடு சுபாங்கில் ஓர் ஆங்கிலச் சபை, மழை பெய்தால் படுத்தபடியே யூடியூப்பில் சென்னைப் பிரசங்கம். எந்தச் சபை என்று கேட்டால், “எல்லாச் சபைக்கும் போவேன் ஆன்ட்டி” என்கிறீர்கள். நீங்கள் ஆண்டவரைத் தேடுகிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏதாவது ஒரு சபை உங்களைத் தேட வேண்டாமா? மூன்று வாரம் உங்களைக் காணவில்லை என்றால், “அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்க ஆள் வேண்டாமா? பெயரே தெரியாதவரை யார் போய்த் தேடுவார்கள்?

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். பட்டர்வொர்த்தில் குவாட்டர்ஸ். எங்கள் சபையோ பினாங்குத் தீவில். 1985இல் பாலம் திறக்கும்வரை ஃபெர்ரியை விட்டால் வழியில்லை. பாலம் வந்த பிறகும் கார் இல்லாத எங்களுக்கு ஃபெர்ரிதான். ஆலயத்தில் அப்பாவுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப் பலகை மாட்டியிருக்கும். அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகளின் எண்களை அதில் வரிசையாகச் செருக வேண்டும். பாமாலைக்கு ‘பா’, கீர்த்தனைக்கு ‘கீ’. எண் அட்டைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். 9 அட்டை தீர்ந்துவிட்டால் 6ஐத் தலைகீழாகச் செருகலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அப்பாதான்.

ஞாயிறு காலை டியூட்டி விழுந்தால், சனிக்கிழமை சாயங்காலமே ஃபெர்ரி பிடித்துப் போய் அட்டைகளைச் செருகிவிட்டு வருவார். போக வர இரண்டு மணி நேரம். “வேற யாராவது செருகமாட்டாங்களா?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். “செருகுவாங்க. ஆனா அது என்கிட்ட கொடுத்த வேலை” என்றார் அப்பா. கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர் இல்லை அவர். சத்தமாக ஜெபித்தும் நான் கேட்டதில்லை. ஆனால் பலகை காலியாக இருந்தால் அவர் வரவில்லை என்று மொத்தச் சபைக்கும் தெரிந்துவிடும். அவருக்கு நிமோனியா வந்து பொது மருத்துவமனையில் கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நாங்கள் ஒருவருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பலகை சொல்லிவிட்டது.

சுங்கை பட்டாணிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அன்று அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். வேலை முடிந்து, குளித்து, களைப்போடு மாலை ஆராதனைக்கு ஓடிய அப்பா அம்மாவைப் பார்த்துத்தானே நீங்கள் வளர்ந்தீர்கள்? இங்கே ஞாயிறு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

சபை என்றாலே கூட்டம்தான். புதிய ஏற்பாட்டில் இருக்கிற எக்லேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கூடிவந்தவர்கள் என்றுதான் பொருள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை, வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம். பதிவேடு என் கைக்கு வந்த பிறகுதான் அதை உட்கார்ந்து படித்தேன். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். கெங்கிரேயா ஊர்ச் சபையில் ஊழியம் செய்த பெபேயாள், தங்கள் வீட்டிலேயே சபை கூட இடம் கொடுத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், அப்புறம் ரூப் என்பவருடைய தாய். அந்த அம்மாவைத் தனக்கும் தாய் என்று சொல்கிறார் பவுல். ஊர் ஊராகச் சுற்றிய மனிதருக்கும் அப்படி ஓர் அம்மா வேண்டியிருந்தது. ஈப்போவிலோ பினாங்கிலோ அம்மாவை விட்டுவிட்டுச் செத்தாப்பாக்கில் ஓர் அறையில் தனியாக இருக்கும் உங்களுக்கு வேண்டாமா?

நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியத் தீபகற்பத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில்தான் உண்டு. இங்கே லீவு போட்டுத்தான், அன்றைக்கு மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்கு வர வேண்டும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் தியானம் சொல்வது எங்கள் வழக்கம். போன வருடம் நான்கு பேர்தான் கிடைத்தார்கள். ஐந்தாம் வார்த்தையாகிய “தாகமாயிருக்கிறேன்” என்பதை 78 வயது அங்கிள் ஒருவர் சொன்னார். ஆறாம் வார்த்தையும் அவருடையதே என்பதால், நடுவில் பாட்டு முடியும்வரை உட்காராமல் பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வரிசையில் கைப்பேசியோடு நான்கைந்து இளைஞர்கள் இருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கியை இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் ஊருக்குப் போனால் அன்றைக்கு மைக் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் மூன்று வகுப்பை ஒன்றாக்கிவிட்டோம். போன ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம்.

இணைய ஆராதனையைக் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயக் கதவு மூடியபோது, அதுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் காலையில் கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, நானும் அம்மாவும் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்து பாடினோம். ஒவ்வொரு வீட்டுப் பாட்டும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து குழம்பியது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நடக்க முடியாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இன்றைக்கும் அது பெரிய உதவி. ஆனால் அந்த நாட்களில் நாங்கள் எதற்காக ஏங்கினோம் என்று எனக்கு மறக்கவில்லை. திருவிருந்துக்காக ஏங்கினோம். பக்கத்தில் நிற்பவருடைய குரலுக்காக ஏங்கினோம். கதவு திறந்த பிறகும் அந்தக் கைப்பேசியோடேயே தங்கிவிட்டவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இவ்வளவு சொல்கிற நானும் ஒருமுறை சபையை விட்டுப் போனவள். 2009இல் அது நடந்தது. பெண்கள் ஐக்கியம் நடத்திய உணவு விற்பனையின் பணம் என்னிடம் இருந்தது. கணக்குப் பார்த்தபோது இருநூறு ரிங்கிட் குறைந்தது. கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், “பணம் வீட்டுல தங்கினா இப்படித்தான்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வேறொரு காணிக்கை உறையில் அந்தப் பணம் கிடைத்தது. கிடைத்தது என்று எனக்கு ஃபோன் வந்தது, மன்னிப்பு வரவில்லை. அந்த ஞாயிறு முதல் நான் போகவில்லை.

பதினாலு மாதம் ஒரு பெரிய சபைக்குப் போனேன். குளிர்சாதன மண்டபம், அருமையான இசை, வண்டி நிறுத்த இடம், தெளிவான போதனை. அங்கே எனக்கு யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நானும் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. வாசலில் புன்னகையோடு வரவேற்ற பெண் ஒவ்வொரு வாரமும், “முதல் தடவையா வர்றீங்களா?” என்று கேட்டாள். பெயர் கொடுக்காதது என் தவறுதான். மறுபடி அடிபடக் கூடாது என்று கொடுக்கவில்லை.

அம்மா பழைய சபையில்தான் திருவிருந்து எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்து பின்கட்டுச் சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, சுவரில் தேநீர் முறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டாம் ஞாயிறு என்ற இடத்தில் என் பெயர். பழைய தாளாக இருக்கும் என்று தேதியைப் பார்த்தேன்; அந்த வருடத்துத் தாள். எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஓர் அக்காதான் பதினாலு மாதமும் என் முறைக்குச் சேர்த்துத் தேநீர் போட்டிருக்கிறார். “ஏன்க்கா என் பேரை எடுக்கல?” என்று கேட்டேன். “நீ போறேன்னு எழுதிக் குடுக்கலையேம்மா” என்றார். கெண்டியில் மைலோவைக் கலக்கிக்கொண்டேதான் சொன்னார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்று கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தேன்.

அந்தப் பெரியவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மன்னிக்கவும் நாளாயிற்று. அவர் இறந்தபோது, அடக்க ஆராதனைக்கு நாற்காலி எண்ணிப் போட்டதும், பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தேதி எழுதியதும் நான்தான். கை நடுங்கியது. அவரும் என் ஜனம்தான் என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

அதனால் சபையில் சண்டை, குடும்ப அரசியல், உடையைப் பற்றிப் பேசும் ஆன்ட்டிகள் என்று நீங்கள் சொல்வது எதையும் நான் மறுக்கவில்லை. கொரிந்து சபையில் கட்சி இருந்தது, வழக்கு இருந்தது, கர்த்தருடைய பந்தியில்கூட ஒழுங்கு இல்லை. பவுல் கடுமையாகத் திட்டினார். கலைந்து போங்கள் என்று எழுதவில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காணிக்கைக் கணக்கைக் காட்ட மறுக்கிறவர், தன்னை எதிர்த்துப் பேசுகிறவரைச் சாபம் வரும் என்று மிரட்டுகிறவர், பெண்ணிடமோ பிள்ளையிடமோ தவறாக நடக்கிறவர் இருக்கிற இடத்தில் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். வெளியே வந்துவிடுங்கள். போலீஸில் சொல்ல வேண்டியதைப் போலீஸில் சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தைத் தாங்கிப்பிடிப்பது விசுவாசம் ஆகாது.

தமிழ் வாசிக்க வராது என்று தயங்குகிறவர்களும் உண்டு. பரவாயில்லை. இப்போது பாட்டுகளைத் தமிழிலும், ரூமி என்கிற ஆங்கில எழுத்திலும் சேர்த்தே திரையில் போடுகிறோம். பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, ரூமியைப் பார்த்துப் பாட வந்த ஒரு பையன் ஆறு மாதத்தில் தமிழ் வரியையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

எங்கள் சபைக்கே வர வேண்டும் என்று கேட்கவில்லை. ரயில்வேத் தமிழர்கள் நிறைந்திருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் 1924இல் எழும்பிய சீயோன் லுத்தரன் ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புடுவில் புனித அந்தோணியார் ஆலயம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு போகிறீர்களே, அந்தப் பக்தியில் ஒரு பங்கை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பங்குக் கோயிலுக்கும் கொடுங்கள். ஆங்கிலச் சபைதான் பிடிக்கிறது என்றால் அங்கேயே இருங்கள். ஆனால் அங்கே பெயர் கொடுங்கள். ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் இருக்கிறார். உணவகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். காலை டிபன் நேரம் முடிந்து, மதியச் சாப்பாடு தொடங்குவதற்குள் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். கடைச் சட்டையோடு, சாம்பார் வாசத்தோடு வந்து பின்வரிசையில் நிற்பார். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே போக வேண்டியிருக்கும். முதல்முறை வந்த அன்றே என்னிடம், “அக்கா, பேர் எழுதிக்கோங்க. எனக்கு ஏதாவது ஆனா ஊருக்குச் சொல்ல ஆள் வேணும்ல” என்றார். அவர் வீட்டு எண்ணும் எங்கள் போதகர் எண்ணும் இப்போது பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆராதனைக்கு முன் பைபிள்களை வரிசைப்படுத்தி வைப்பது அவர் வேலை. வரமுடியாத வாரம் சனிக்கிழமை இரவே எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டும் என்பதால்தான் பலர் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் கேட்கக் கூச்சம், அல்லது அங்கேயும் மனஸ்தாபத்தில் வந்திருப்பீர்கள். கடிதத்தை நான் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் முழுப் பெயர், ஞானஸ்நானம் பெற்ற ஊர், ஏறத்தாழ எந்த வருடம், இவ்வளவு போதும். ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு இடது பக்கம், குடை மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். பெரிய வெள்ளிக்கு மூன்று வார்த்தைகளுக்கு இன்னும் ஆள் இல்லை.

கர்த்தருக்குள் உங்கள் அக்கா,
சபைச் செயலாளர், கோலாலம்பூர்