கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

நீலகிரியில் கேத்தி பக்கம் கேரட் ஏற்றிய நாலு சக்கர இழுவை பிக்கப்புகளைச் சேற்றிலிருந்து கிளப்ப, ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்சைப் பட்டென்று விடுகிறார்கள். டீசல் இன்ஜினின் முறுக்கு விசை ஒரே அடியாகப் பின் சக்கரங்களுக்குப் பாய, பின் பட்டை ஸ்பிரிங் முறுக்கி, ஆக்சிலில் சுழல் தண்டு சேரும் மூக்கு மேலே தூக்கும். அந்தத் தண்டின் மூட்டான கிராஸ் ஜாயின்ட் உடைவது அந்த நொடியில்தான். வண்டியை நிறுத்தி லோ (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர் நிலை) போட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விட்டாலே ஏறும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட் நட்டுகள் தளர்ந்திருந்தால் அதுவும் பயனில்லை, முதலில் இறுக்குங்கள்.

தார்ச்சாலை வந்ததும் முன் சக்கர இழுவையை விடுவியுங்கள். முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியில், வளைவில் பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் ஓடும் கூடுதல் தூரம் சேற்றில் வழுக்கித் தீரும், தாரில் தீராது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படியே ஓட்டினால் விசையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் இறுகும். முன் இழுவை லீவர் சிக்கினால் சுத்தியலைத் தேட வேண்டாம். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

பிக்கப் ஓட்டுநர்கள் சிலர்,
கோத்தகிரி