செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை மாதம் தவிர மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் கோலப்போட்டிச் சண்டையை இங்கே கிளற வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது, நம் வறுமையை அளக்க வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்புதான். முதல் தாளில் மாத வருமானம் மட்டும் கேட்டோம். பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் “எந்த மாசத்தைக் கேக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள். மத்திய திட்டக் குழு அமைத்த ரங்கராஜன் குழு 2014இல் நகரத்துக்குச் சொன்ன வறுமைக்கோடு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 47 ரூபாய் செலவு; ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 7,035. அதுவும் 2011-12 விலைவாசியில். அதை அப்படியே இன்று வைத்து அளந்தால் நம்மில் பெரும்பாலோர் கோட்டுக்கு மேலேதான்.

அப்புறம் மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டைப் பார்த்தோம். வருமானத்தை விட்டு, வீட்டில் என்னென்ன இல்லை என்று பார்க்கிற கணக்கு அது. ஊட்டச்சத்து, படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 அளவுகோல்கள். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் நமக்குக் கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை, கரண்ட், கேஸ், பாஸ்புக் எல்லாம் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் டிக். இங்கே மாற்றிக் குடிவைக்கும் முன், கூவம் ஆற்றங்கரையில் இருந்தபோது இதில் பாதி இல்லை. வேலை மட்டும் நடக்கிற தூரத்தில் இருந்தது. இப்போது 20 கி.மீ.க்கு அப்பால். அந்தத் தூரத்துக்கு 12இல் இடமில்லை.

சரி, நாமே கேட்போம் என்று இரண்டாம் தாள் போட்டோம். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? இங்கே வந்தபின் விட்டுப்போன வேலை எது? ராத்திரி பிரசவ வலி வந்தால் எதில் போவீர்கள்? லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிப் பாட்டி என்ன செய்வார்? வசிப்பிடம், தொழில், சமூகநிலை மூன்றையும் வைத்து நகர ஏழையை அடையாளம் காணத் திட்டக் குழு அமைத்த ஹாஷிம் குழு 2012இலேயே சொன்னது. நம் கேள்விகள் அதற்குக் கொஞ்சம் பக்கம்.

2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம்தான். “டிக்கெட்டு இலவசம், தூக்கத்த யாரு தருவா?” என்று வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா கேட்டார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஓரத்தில் எழுதிவைத்தோம்.

ஒரு தவறு என்னுடையது. பகலிலேயே போனதால் வேலைக்குப் போனவர்களின் விவரம் அரைகுறை. கடைசி இரண்டு பிளாக் முடியவேயில்லை. ஞாயிறு மாலை எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் வந்தால் போதும். டீ சங்கச் செலவு.

செயலாளர்